பரணில் கிடந்த ராட்டை

ஒவ்வோர் அக்டோபர் மாதமும் நம் தமிழ்ப்பள்ளி மேடையிலும் ஆலய மண்டபத்திலும் ஒரு சின்னப் பையன் காந்தியாக வருவான். வட்டக் கண்ணாடி, கைத்தடி, இடுப்பில் வெள்ளைத் துண்டு. முன்னால் அட்டையில் செய்த ராட்டை ஒன்று இருக்கும். பையன் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவான். நூல் வராது. வரணும்னு யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. கைதட்டி இறக்கிவிட்டு அடுத்த நடனத்துக்குப் போய்விடுவோம்.

நம் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு நூல் நூற்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தேவார வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். ஆரம்பித்த இரண்டாவது வாரமே ஓர் அப்பா வந்து கேட்டார். இது எதுக்குங்க தம்பி, பாசார் மாலாமுக்குப் போனா பத்து வெள்ளிக்குச் சட்டை கிடைக்குது, இந்தப் பஞ்சை வச்சிக்கிட்டு பிள்ளைங்க என்ன பண்ணப் போகுது என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கு எனக்குத் தெரிந்த பதில், காந்தி நூற்கக் கற்றுக்கொண்ட கதைதான். அவர் நூற்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த வயசில், யாரிடம் கற்றார் என்பதை நம்மில் பல பேர் கேள்விப்பட்டதில்லை.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். அப்பா சமஸ்தான திவான், வணிகர் குலம். கையால் எதையாவது செய்துதான் பிழைக்க வேண்டும் என்ற தேவை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போனார், 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பினார், 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

பாடப்புத்தகம் விட்டுவிடுகிற ஒரு விஷயம், அவருடைய கை. தென்னாப்பிரிக்காவில் சலவைக்கூலி கட்டுப்படியாகவில்லை என்று சட்டைக் காலரைத் தானே துவைத்துக் கஞ்சி போட்டார். கஞ்சி அதிகம், இஸ்திரிப் பெட்டியில் சூடு போதவில்லை. நீதிமன்றத்தில் நிற்கும்போது கழுத்திலிருந்து கஞ்சி உதிர, மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். கத்தரியை வாங்கி வந்து கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு தேறியது, பின்பக்கம் அலங்கோலம். அதற்கும் சிரித்தார்கள். மறுபடியும் தானே வெட்டிக்கொண்டார். முதல்தடவை எதுவும் கேவலமாகத்தான் வரும் என்பதில் அவருக்கு ஒருவிதமான கூச்சமின்மை இருந்தது. வகுப்பில் முதல் நாளே அறுந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுருங்கி நிற்கிற பிள்ளைக்கு நான் இந்த முடிவெட்டுக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

1910-இல் ஜோகனஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லாததால், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு காந்தியே அதையும் எடுத்தார். தமிழ் தாய்மொழியான பிள்ளைகள் எதிரில், தமிழ் தெரியாத வாத்தியார்! பண்ணையில் ஒரு விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. குழி வெட்டினாலும், விறகு பிளந்தாலும், கக்கூஸ் கழுவினாலும் ஆசிரியரும் கூட நிற்க வேண்டும். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள். தோல் வேலை யார் செய்யும் வேலை என்று நம் ஊர்களில் வைத்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்சுக்கு 1914-இல் ஊருக்குக் கிளம்பும்போது அவர் கொடுத்துவிட்டு வந்தது, இந்தக் கையால் தைத்த ஒரு ஜோடி செருப்பு.

இப்போது நூலுக்கு வருகிறேன்.

1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் அவர் இந்திய சுயராஜ்யம் என்ற சின்னப் புத்தகத்தை குஜராத்தியில் எழுதினார். பத்தே நாள். வலக்கை வலித்தபோது இடக்கையால் எழுதினார். இந்தியாவின் வறுமைக்குக் கைத்தறியே மருந்து என்ற எண்ணம் அந்தப் புத்தகத்தில் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அதை எழுதும்போது அவர் தறியையும் பார்த்ததில்லை, ராட்டையையும் பார்த்ததில்லை. நெய்கிற தறிக்கும் நூற்கிற ராட்டைக்கும் என்ன வித்தியாசம் என்றே அப்போது தனக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ராட்டை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தறி என்று எழுதி வைத்தாராம். நாடே அவரை ராட்டையோடு சேர்த்து வரைந்து வைத்திருக்கிறது. நாற்பது வயதில் அவருடைய நிலைமை இது.

1915-இல் இந்தியா திரும்பி, அகமதாபாத் பக்கம் கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கினார். சில கைத்தறிகள் வாங்கிப் போட்டார்கள். ஓட்ட ஆள் இல்லை. ஆசிரமத்தில் இருந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள் அல்லது வியாபாரம் செய்தவர்கள். தொழில் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை. பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளரை வரவழைத்தார்கள். அவர் தொழிலின் முழு நுணுக்கத்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. தொழில்தானே அவருடைய ஒரே சொத்து? வக்கீல்களும் வியாபாரிகளும் திடீரென்று வந்து கற்றுக்கொடு என்றால் அவர் என்னதான் நினைப்பார்! ஆனால் காந்தியின் உறவினர் மகன்லால் காந்தி லேசில் விடுகிற ஆள் இல்லை. இயந்திரங்களில் இயல்பாகவே கை ஓடும் அவருக்கு. பார்த்துப் பார்த்தே நெசவை முழுசாகப் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து ஒவ்வொருவராக ஆசிரமத்தில் நெசவாளர்கள் உருவானார்கள்.

அதே 1915-இல்தான் இன்னொன்றும் நடந்தது. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த தூதாபாய் குடும்பத்தை காந்தி ஆசிரமத்தில் சேர்த்தார். பண உதவி நின்றது. கிணற்றடியில் தகராறு. ஆசிரமத்துக்குள்ளேயே, கஸ்தூரிபா உட்பட, பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. கையில் காசு தீர்ந்துபோன நிலையில் ஒருவர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பெயர்கூட வெளியில் வராமல் போனார். இதை ஏன் நூல் கதைக்குள் கொண்டு வருகிறேன் என்றால், கைத்தொழில் கற்கப் போகிறவன் கடைசியில் யார் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்ற கேள்வி இதில் இருக்கிறது. நெய்கிறவர், பஞ்சு அடிக்கிறவர், தோல் தைக்கிறவர். ஊர் இவர்களை எங்கே உட்கார வைத்திருந்தது?

சரி, துணி நெய்தாகிவிட்டது. நூல்? மில் நூல். ஆசிரமத்து ஆட்கள் மில் நூலை வாங்கி நெய்து உடுத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மில்லுக்குக் கூலியில்லாத ஏஜெண்டாகத்தான் ஆனோம் என்று காந்திக்குப் பட்டது. நூற்கச் சொல்லிக்கொடுக்க ஆளைத் தேடினார். ராட்டையே கிடைக்கவில்லை.

1917-இல் பரூச் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் கங்காபென் மஜ்முதார் என்ற விதவைப் பெண்மணியைச் சந்தித்தார். பெரிய படிப்பு இல்லை. துணிச்சலும் உலக அறிவும் மட்டும் நிறைய. தீண்டாமையை ஏற்கெனவே உதறிவிட்டவர். குதிரைச் சவாரியும் செய்வார். நூறு வருஷத்துக்கு முன்னால், குஜராத்தில், ஒரு விதவை! ராட்டையைத் தேடித் தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். குஜராத் முழுக்க அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் கண்டுபிடித்தார். அங்கே பல வீடுகளில் ராட்டை இருந்தது. பரணில் இருந்தது. உபயோகமில்லாத மரச்சாமானோடு சாமானாகத் தூக்கிப் போட்டிருந்தார்கள். பஞ்சுப்பட்டை ஒழுங்காகக் கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்வதாக இருந்தால் இறக்கி ஓட்டுகிறோம் என்றார்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

உமர் சோபானி என்ற மில் முதலாளி தன் மில்லிலிருந்து பஞ்சுப்பட்டை அனுப்பினார். நூல் வந்து குவிந்தது, வைக்க இடமில்லாத அளவுக்கு. ஆனால் மில் பட்டையை வாங்கி நூற்பது சரியா என்ற உறுத்தல் காந்தியை விடவில்லை. மில் நூல் கூடாது, மில் பட்டை மட்டும் ஆகுமா? பஞ்சு கொட்டுபவர் ஒருவரைப் பாருங்கள் என்று கங்காபென்னிடம் சொன்னார். மாதம் 35 ரூபாய் கேட்டார் அந்த ஆள், அந்தக் காலத்துக்குக் கொஞ்சமில்லை. கங்காபென் அவரை அமர்த்தி, கொட்டிய பஞ்சில் பட்டை போடச் சில இளைஞர்களைப் பழக்கினார். அந்த இளைஞர்கள்தான் இந்தக் கதையில் நமக்குச் சொந்தக்காரர்கள். முதல் வகுப்பு மாணவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, பஞ்சு எப்படி நூலாகிறது என்று சொல்லிவிடுகிறேன். மேடைக் காந்தியின் ராட்டையில் நூல் வராததற்குக் காரணமும் அதில் இருக்கிறது.

செடியிலிருந்து எடுத்த பஞ்சில் கொட்டை இருக்கும். அதை நீக்கிய பிறகும் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, திட்டுத் திட்டாக இருக்கும். அதைப் பிரித்து, தூசி தட்டி, மேகம் மாதிரி ஆக்குவதுதான் பஞ்சு கொட்டுவது. வில்லின் நாணைப் பஞ்சுக்குள் வைத்துத் தெறிக்க விட்டால், அதிர்விலேயே இழைகள் பிரிந்து பறக்கும். வில் இல்லாவிட்டால் கம்பிப்பல் வைத்த இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று இழுத்தும் செய்யலாம். ஆட்டு ரோமத்துக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் கம்பளி நெய்கிற குறும்பர்கள் ரோமத்தைப் பிரித்த பிறகுதான் கதிரைத் தொடுவார்கள். பிரித்த பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி உருட்டி, குச்சியை உருவிவிட்டால் விரல் கனத்தில் ஒரு குழல் கிடைக்கும். அதுதான் பட்டை. பட்டை சரியாக இருந்தால் நூற்பது பாதி முடிந்த மாதிரி. திட்டு இருக்கிற பட்டையை எவ்வளவு கெட்டிக்காரர் நூற்றாலும் நூல் ஓரிடத்தில் கயிறு மாதிரியும் ஓரிடத்தில் சிலந்தி வலை மாதிரியும்தான் வரும்.

எங்கள் வகுப்பில் ராட்டை கிடையாது. தக்ளிதான். மூங்கில் குச்சி, கீழே வட்டமாகத் தேய்த்துத் துளை போட்ட தேங்காய் ஓட்டுச் சில்லு, மேலே ஒரு சின்னக் கொக்கி. பிள்ளைகளே செய்துகொண்டார்கள். முதல் வாரம் பாதிப் பேர் வீட்டுத் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு கொண்டு வந்தார்கள், நம் மலாய்க்காரர்கள் கெகாபு என்பார்களே, அது. பார்க்கப் பட்டு மாதிரி இருக்கும், நூற்க வராது. இலவ இழை வழுவழுப்பானது, உள்ளே வெற்றுக் குழல், நீளமும் குறைவு. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாமல் வழுக்கிவிடும். பருத்தி இழையில் இயற்கையாகவே ஒரு முறுக்கு இருக்கிறது, அதனால்தான் அது பக்கத்து இழையைப் பற்றிக்கொள்கிறது. பிள்ளைகளை இதை அரைமணி நேரம் அவர்களாகவே கண்டுபிடிக்க விட்டேன். பிறகு மருந்துக்கடைப் பஞ்சு. அது நூலாகும், ஆனால் மெழுகெல்லாம் போக வெளுத்தது, சட்சட்டென்று அறும். கடைசியில் தமிழ்நாடு போய்வந்த நண்பர் கதர்க் கடையிலிருந்து பட்டை வாங்கி வந்து கொடுத்தார். ஆலயத்தின் பின்னால் நாலு பருத்திச் செடியும் வைத்திருக்கிறோம்.

நூற்பதில் புதுசாக வருகிறவர் எல்லாரும் இடறுகிற இடம் ஒன்றே ஒன்று. முறுக்கு ஏறுவதற்கு முன்னால் இழுத்துவிடுவார்கள். பஞ்சு கையோடு வந்துவிடும். அதுக்குப் பயந்து இழுக்காமல் நின்றால் முறுக்கு கூடிப்போய் நூல் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது, விரலுக்குத்தான் தெரிய வேண்டும். பால்மரம் சீவிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரிகிறது. உளி பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அம்மா அளந்தா பார்த்தார்கள்? ஆழம் போதாவிட்டால் பால் வராது, கூடினால் மரம் காயப்படும், தண்டல் ஏசுவார். நாற்பது வருஷம் ரப்பர் மரத்தோடு நின்ற அந்தக் கைகளுக்கு, தோட்டமெல்லாம் செம்பனையான பிறகு யாரும் ஒரு வார்த்தை மரியாதை சொல்லவில்லை. பிள்ளைகளும் நீலாய், சிரம்பான் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டு, எங்கம்மா மரம் சீவினாங்க என்பதைக் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்கிறார்கள்.

வகுப்பில் பஞ்சைப் பிரிக்கவும் பட்டை உருட்டவும் சொல்லிக்கொடுப்பது நானில்லை. ஆலய விளக்குக்குத் திரி திரிக்கிற ஒரு பாட்டி. முறம் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு தொடையில் உருட்டி உருட்டி நூறு திரி போடுவார். இழை ஒரே பக்கமாகப் படிய வேண்டும், திட்டு இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் விளக்குப் படபடக்கும் என்பது அவருக்கு எப்போதோ தெரியும். இவரைத்தான் குருவாக வைத்தோம். அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு குடும்பம் அதே லயத்தில் உண்டு. இங்கே வந்து நூறு வருஷமாகியும் அந்தச் சாமானை மட்டும் கப்பலிலிருந்து இறக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்த வீட்டுப் பெண்பிள்ளை இப்போது பாட்டியின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்துதான் பட்டை உருட்டக் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய அப்பாதான் எதுக்குங்க தம்பி என்று கேட்டவர்.

மறுபடியும் பம்பாய்க்குப் போவோம். 1918-இலும் 1919-இலும் காந்தி கடுமையான நோயில் விழுந்து எழுந்தார். பம்பாயில் மணி பவன் என்ற நண்பர் வீட்டில் படுத்திருந்தபோது தெருவில் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் போவது தெரிந்தது. மெத்தைக்குப் பஞ்சு அடிக்கிறவர். கூப்பிட்டுப் பட்டைக்கான பஞ்சைக் கொட்டித் தரக் கேட்டார். அவர் கேட்ட கூலி அதிகம், கொடுத்தார். வீட்டுப் பெண்களும் வந்துபோகிற பெண்களும் நூற்கக் கற்றார்கள். ராட்டையின் ரீங்காரம் நோயாளியின் அறையிலேயே கேட்டது. தான் தேறியதில் அந்தச் சத்தத்துக்கும் பங்கு உண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். அங்கே வந்த நூலில் ஒரு பகுதியைப் பவித்திர ஏகாதசிக்கு மாலை கட்ட வைணவ நண்பர்கள் வாங்கிப்போனார்கள். பம்பாயில் நூற்பு வகுப்பும் ஒன்று தொடங்கியது. இந்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நிறையப் பணம் செலவானது, நண்பர்கள் கொடுத்தார்கள். ஆசிரமத்தில் நெய்த முதல் கதர் கெஜம் 17 அணாவுக்குப் போனது. ஒரு ரூபாய்க்கு ஓர் அணா கூட. மலிவு என்று யாரும் சொல்ல முடியாது.

தனக்கு வேட்டியும் கதரிலேயே வேண்டும் என்று ஆசைப்பட்டார். நெய்த துணியின் அகலமோ 30 அங்குலம். ஒரு மாதத்துக்குள் 45 அங்குல வேட்டி கிடைக்காவிட்டால் குட்டையான துணியையே கட்டிக்கொள்வேன் என்று கங்காபென்னுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள் பதறிப்போய், மாதம் முடிவதற்குள் ஒரு ஜோடி நெய்து அனுப்பிவிட்டார். பிறகு லாட்டி என்ற ஊரிலிருந்து ராம்ஜி என்ற நெசவாளரும் அவர் மனைவியும் ஆசிரமத்துக்கே வந்து தங்கி நெய்து கொடுத்தார்கள்.

அகல வேட்டிக்கு அவ்வளவு பாடுபட்டவர், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரை மேலமாசி வீதி வீட்டில் அதை விட்டுவிட்டார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று வழியில் கண்ட ஏழைகள் சொன்னதுதான் காரணம். அன்றிலிருந்து இடுப்புத்துண்டு. நம் பள்ளி மேடைப் பையன் கட்டுவது, மதுரையில் கட்டிய அந்தத் துண்டைத்தான்.

அந்த வருஷம் காங்கிரஸ் 20 லட்சம் ராட்டைகளை நாட்டில் ஓட வைப்பதாகத் தீர்மானம் போட்டது. என் அபிப்பிராயத்தில் அவசரம் அதிகம். கோணல் ராட்டைகள், திட்டுப் பஞ்சு, அறுந்து அறுந்து போகும் நூல் எல்லாம் சேர்ந்துதான் வந்தன. கைநூலைத் தறியில் ஏற்ற நெசவாளர்கள் தயங்கினார்கள். 1924-இல், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று விதியே வந்தது. பெரிய பெரிய தலைவர்களால் கொடுக்க முடியவில்லை; அடுத்த வருஷமே கட்டாயம் தளர்ந்தது. அதே 1925-இல் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது. எல்லாரும் ஒரே மாதிரி ராட்டை சுற்றுவது மனசை மழுக்கும் என்று கவி தாகூர் அந்த வருஷம் கண்டித்து எழுதினார். காந்தி மரியாதையோடு மறுத்தார். வருஷத்தில் பல மாதம் வேலையில்லாமல் கிடக்கிற விவசாயிக்கு வேறு எதைக் காட்டுவது என்பதே அவர் வாதம். தாகூர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அதனால் எங்கள் வகுப்பில் யாரையும் பிடித்து உட்கார வைப்பதில்லை. பந்து விளையாடப் போகிற பையன் போகலாம்.

நம் தோட்டத்து ஆட்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது 1935-இல் நடந்தது. நூற்கிற கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்த கூலி மிகக் குறைவு. அதை ஏற்றினால் கதர் விலை ஏறும், விற்காது, சங்கமே படுத்துவிடும் என்று சொந்த ஆட்களே சொன்னார்கள். கூலிப் பேச்சு வந்தால் நிர்வாகங்கள் சொல்கிற அதே வார்த்தை! காந்தி விடவில்லை. நூற்கிறவர் வயிறார உண்ணும் அளவுக்காவது கூலி இருக்க வேண்டும், விற்பனை குறைந்தால் குறையட்டும் என்று நின்றார். சங்கம் கூலியை உயர்த்தியது.

இதற்கிடையில் அவருடைய கை என்ன ஆனது என்றால், 1932-இல் எரவாடா சிறையில் முழங்கை வலி பிடித்துக்கொண்டது. வயசு 62. வழக்கமான ராட்டையைச் சுற்ற முடியவில்லை. காலால் மிதித்து ஓட்டுகிற மகன் ராட்டை என்ற புதுக்கருவியை வரவழைத்து, அரிச்சுவடியிலிருந்து கற்க ஆரம்பித்தார். நூல் அறுந்தது. எத்தனை கெஜம் வந்தது, எத்தனை தடவை அறுந்தது என்று ஆசிரமத்துப் பிள்ளைகளுக்குக் கடிதத்தில் எழுதினார். அந்த ராட்டைக்குப் பெயர் மகன்லால் நினைவாக வைத்தது. மகன்லால் 1928-இலேயே பாட்னாவில் காலமாகிவிட்டார். தான் விதவையானது போல் உணர்வதாக காந்தி அப்போது எழுதினார்.

1937-இல் வார்தா கல்வி மாநாட்டில் தக்ளி பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. பஞ்சு எங்கே விளைகிறது என்பதில் பூகோளம், கதிரின் சுற்றை எண்ணுவதில் கணக்கு, கிராமத்துத் தொழில் எப்படி அழிந்தது என்பதில் சரித்திரம். 840 கெஜம் கொண்ட ஒரு சிட்டம், ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். எங்கள் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் இதை வைத்து வகுத்தல் கணக்குப் போடுகிறான். பள்ளிக்கூடத்தில் வராத வகுத்தல்.

1944 பிப்ரவரியில் ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா இறந்தார். காந்தி கையால் நூற்ற நூலில் நெய்த சேலையைக் கட்டித்தான் அவரைத் தகனம் செய்தார்கள். முன்னொரு காலத்தில் ஆசிரமக் கிணற்றடியில் முகம் திருப்பிக்கொண்ட அதே அம்மாள், கடைசிக் காலத்தில் லட்சுமி என்ற தூதாபாயின் மகளையும் தன் பிள்ளைகளில் ஒருத்தியாகவே வைத்திருந்தவர்.

1947-இல் அவருடைய கடைசிப் பிறந்த நாள் உபவாசத்திலும் பிரார்த்தனையிலும் நூற்பிலும் கழிந்தது. அந்த நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லையே என்றவரிடம், நூற்ற நூல் இருக்கிறதே என்று மவுண்ட்பேட்டன் எடுத்துச் சொன்னாராம். அந்த நூலில் ஒரு சின்னத் துணி பின்னி லண்டனுக்குப் போனது. மணப்பெண்ணின் பாட்டி மேரி ராணி அதைப் பரிசுகளுக்கு நடுவே பார்த்துவிட்டு, காந்தியின் இடுப்புத்துண்டு என்று நினைத்து முகம் சுளித்தார் என்பார்கள். அது தட்டில் விரிக்கிற துணி. அந்த நூலை நூற்றவருக்கு அப்போது வயசு 78.